புரொஜெக்டரில் ஓவியம் மங்கலாக வருகிறதா?

இணையத்திலிருந்து நேரடியாகக் காட்டாதீர்கள், டீச்சர். வீட்டிலேயே படக் கோப்பைப் பதிவிறக்கி பெண்டிரைவில் கொண்டு போங்கள்.

சுங்கை சிப்புட் பள்ளியில், ஓவியர் வான் கோவின் சைப்ரஸ் மர வயல் ஓவியத்தைப் பெரிதாக்கினால் மங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் இணைய லைன்தான் காரணம். இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும் இந்தப் படங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக இறங்கும். முதலில் மங்கலான படம், அப்புறம்தான் தெளிவான கட்டங்கள். தோட்டப்பக்கம் லைன் எப்படி என்று உங்களுக்குத் தெரியாததா!

ஒன்று செய்து பாருங்கள். பெரிதாக்கிவிட்டு ஒரு நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். தெளிந்தால் லைன்தான். பதிவிறக்கிய கோப்பும் மங்கினால் புரொஜெக்டர் ஃபோகஸைத் திருப்புங்கள்.

அந்த 1889 ஓவியம் இருப்பது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். 2017 முதல், காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை அவர்கள் கட்டணமின்றி எடுக்க விடுகிறார்கள். அவர்கள் இணையதளத்தில் படத்துக்குக் கீழே பதிவிறக்கக் குறி இருக்கும். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் வேண்டாம், பெரிதாக்கினால் பொடிப்பொடியாகும்.

எல்லாப் படத்துக்கும் அந்தக் குறி வராது. ஓவியர் பிக்காசோ 1973-இல்தான் இறந்தார், அவர் படங்கள் பலவற்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை இன்னும் உண்டு.

அதே தளத்தில் சோழர் காலத்துப் பார்வதி வெண்கலச் சிலையும் இருக்கிறது. நானாக இருந்தால் அதில்தான் பாடத்தைத் தொடங்குவேன்.