அப்பாவுக்கும் தம்பிக்கும் ஒரே வைத்தியமா?

கேள்வி: டொக்டர், எங்கட அப்பா கனகாலமா குடிக்கிறார், இப்ப நாளைக்கு ஒரு போத்தல் சாராயம், காலம்பற எழும்பினா கை நடுங்கும், கொஞ்சம் குடிச்சாத்தான் நிக்கும். தம்பி கெம்பஸ் போறான், சனி ஞாயிறில கூட்டாளிமாரோட பியர் அடிக்கிறான், போன மாசம் வெறியில வந்து சத்தி எடுத்திட்டான். அம்மா ரெண்டு பேரையும் ஒண்டா புனர்வாழ்வு நிலையத்தில விடப்போறாவாம், அதுவரைக்கும் அப்பாவை ரூமுக்குள்ள பூட்டி வச்சு குடியை நிப்பாட்டுவமாம். என்ன செய்யிறது?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, முதல்ல ஒண்டு, தயவுசெய்து அப்பாவைப் பூட்டி வைக்காதேங்கோ. அந்தக் காலம்பற நடுக்கம், உடம்பு சாராயத்துக்கு அடிமையாகிட்டுது எண்டதுக்கு அடையாளம், இந்த நிலையில இருக்கிற ஆள் சடாரெண்டு நிப்பாட்டினா முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாம் மூண்டாம் நாளில ஆள் தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுது எண்டு கத்தி, உயிரே போகலாம், இது நான் பயமுறுத்தச் சொல்ற கதையில்ல. அவருக்குத் தேவை ஆஸ்பத்திரி வார்ட். அங்க மருந்து குடுத்து, அதை நாளுக்கு நாள் குறைச்சு, தயமின் எண்ட விற்றமின் பி1ம் குடுத்து பாதுகாப்பா நிப்பாட்டுவாங்க. அது முடிஞ்ச பிறகுதான் கவுன்சிலிங், தங்கி இருந்து எடுக்கிற சிகிச்சை எல்லாம், வார்ட்டால வந்திட்டார் சுகமாகிட்டார் எண்டு விட்டா திரும்ப குடிக்கத் தொடங்கிறதுக்குத்தான் சான்ஸ் கூட. இடையில வலிப்பு வந்தா யோசிச்சுக்கொண்டு நிக்காம 1990க்கு எடுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

தம்பியின்ர கதை வேற. உலக சுகாதார நிறுவனத்திட பத்துக் கேள்வி இருக்கு, எவ்வளவு குடிக்கிறாய், எத்தனை தரம், தொடங்கினா நிப்பாட்ட ஏலாமப் போகுதா, இப்பிடி, மொத்தப் புள்ளி 40. எட்டுக்குக் கீழ பெரிய பயமில்ல, 8 தொடக்கம் 15 எண்டா ஒரு டொக்டரோ கவுன்சிலரோ கொஞ்ச நேரம் மனம்விட்டுக் கதைச்சு புத்தி சொன்னாலே கனபேர் குறைப்பாங்க, 16 தொடக்கம் 19 எண்டா கவுன்சிலிங்கும் தொடர்ந்து கண்காணிப்பும், 20ம் அதுக்கு மேலயும் போனாத்தான் ஸ்பெஷலிஸ்ட். நீங்க எழுதினதை வச்சு மட்டும் புள்ளி போட ஏலாது, அவன்தான் பதில் சொல்லவேணும். ஆனா வார இறுதியில பியர் குடிக்கிற பொடியனை மாசக்கணக்கா நிலையத்தில போட்டா படிப்பு கெடும், தூள் (ஹெரோயின்), ஐஸ் மாதிரி போதைப்பொருள் பாவிச்சவங்களோட பழக்கம் வரும், எல்லாத்துக்கும் மேல, நாளைக்கு உண்மையிலேயே உதவி தேவைப்பட்டா உங்களிட்ட வாயே திறக்க மாட்டான். ஐஸ், தூள் ஏதும் தொட்டிருக்கிறானா எண்டு மட்டும் கோவப்படாமக் கேளுங்கோ, அப்பிடியெண்டா கணக்கு மாறும்.

ஆரிட்ட போறதெண்டு தெரியாட்டி 1927க்கு எடுங்கோ, அது அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின்ர இலக்கம். மனநலப் பிரச்சினையும் சேர்ந்திருந்தா 1926. கொழும்பு 7ல சுமித்ரயோ எண்ட தொண்டு அமைப்பின்ர மெல் மெதுர எண்ட ஆலோசனை நிலையமும் இருக்கு, அங்க தங்கத் தேவையில்ல, தம்பி போன்றவங்களுக்கும் உங்கட அம்மா போன்ற வீட்டாக்களுக்கும் நல்ல இடம்.

அப்பாவை டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போகேக்க, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார், கடைசியா எப்ப குடிச்சார், முந்தி எப்பவாவது வலிப்பு வந்ததா, வேற என்ன குளிசை எடுக்கிறார் எண்டு ஒரு துண்டில எழுதிக்கொண்டு போங்கோ. வெக்கப்பட்டு அளவைக் குறைச்சுச் சொல்ல வேண்டாம், மருந்தின்ர அளவை அதை வச்சுத்தான் போடுவாங்க.