கணக்கு கேட்டதற்கு நோட்டீஸ் வரவில்லை, காரைப் பற்றி எழுதியதற்கு வந்திருக்கிறது

கேள்வி: கருங்கல் பக்கம் எங்கள் ஊர், எனக்கு சவுதியில் வேலை. ஊரில் ஒரு ஊழிய டிரஸ்ட் முதியோர் இல்லம் கட்டுவதற்கு, அம்மா நினைவாக 3 லட்சம் கொடுத்தேன். இரண்டரை லட்சம் வங்கி வழியாக, 50 ஆயிரம் கையில், அதற்கு ரசீது இல்லை. நான்கு வருடமாக அஸ்திவாரத்தோடு நிற்கிறது. கேட்டால் ஜெபிக்கச் சொல்கிறார்கள். ஆத்திரத்தில் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில், 'ஊழியத்தின் பேரில் கொள்ளை, நம் காசில்தான் இயக்குநர் கார் வாங்கினார்' என்று எழுதிவிட்டேன். இப்போது 25 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ். கணக்கு அவர்களிடம்தானே இருக்கிறது, நேர்மையை அவர்கள்தானே நிரூபிக்க வேண்டும்? சந்தேகத்துக்கு இடமில்லாமல் நான் நிரூபிக்க வேண்டும் என்கிறார் ஒருவர், பாதிக்கு மேல் நம்பும்படி இருந்தால் போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் கடைசி நாட்கள், இயக்குநர் போனை எடுக்காதது, கமிட்டிக்காரர் பேசிய பேச்சு எல்லாம் இருக்கிறது. வருத்தம்தான், ஆனால் கோர்ட் படிக்கப்போவது குரூப்பில் போட்ட அந்த ஒரு வரியை. அதிலும் 'கொள்ளை' என்பதைக் கோபத்தில் சொன்ன கருத்து என்று கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம். நம் காசில் கார் வாங்கினார் என்பது நடந்ததாகச் சொன்ன செய்தி. வழக்கு அந்தக் காரில்தான் நிற்கும்.

உங்களுக்கு ஆலோசனை சொன்ன இருவரும் தப்பாகச் சொல்லவில்லை, எந்த வழக்குக்கு என்பதைத்தான் சொல்லாமல் விட்டார்கள். டிரஸ்ட் மேல் நம்பிக்கை மோசடி என்று கிரிமினல் வழக்கு நடந்தால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவில் என்றால் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். சிவிலிலும் மோசடி என்று சொன்னால் கிரிமினல் அளவுக்கு நிரூபிக்க வேண்டும் என்று 1941-ல், அன்றைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது, அது தேவையில்லை என்று 1966-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, இரண்டையும் காட்டி இன்றும் வக்கீல்கள் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இதெல்லாம் நீங்கள் வழக்குப் போட்டால்தான். இப்போது நோட்டீஸ் வாங்கியிருப்பது நீங்கள்.

கிரிமினல் அவதூறு வழக்கில் (குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 356) நீங்கள் எழுதினீர்கள் என்பதையும் அது பேரைக் கெடுப்பது என்பதையும் அவர்கள் காட்டினால் போதும். உங்கள் நம்பரிலிருந்து போயிருக்கிறது, அப்புறம் என்ன காட்டுவதற்கு? அதன்பின் அது உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றோ, நல்லெண்ணத்தில் சொன்னேன் என்றோ காட்டும் பாரம் உங்கள் தலையில். அந்த பாரம் லேசானது, நம்பும்படி இருந்தால் போதும். பஞ்சாப் முதலமைச்சரின் மகனைக் கடத்தல்காரர்களின் தலைவர் என்று எழுதிய ஹர்பஜன் சிங்கை சுப்ரீம் கோர்ட் நல்லெண்ண விலக்கின் கீழ்தான் விடுவித்தது.

இதை இணையத்தில் படித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறவர்கள் விழுகிற குழி ஒன்று உண்டு. சட்டத்தில் நல்லெண்ணம் என்றால் நல்ல மனசு இல்லை, தக்க கவனத்தோடு விசாரித்துவிட்டுச் சொன்னது என்று அர்த்தம். எழுதிய அன்று கையில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. என்னிடம் வழக்குக்கு வந்த தக்கலைப் பக்கத்துக்காரர் ஒருவர், டிரஸ்ட் பணத்தில் நிலம் வாங்கினார்கள் என்று குரூப்பில் போட்டார். வழக்கு வந்தபிறகு ஓடி ஓடி வில்லங்கச் சான்று எடுத்தார், நிலம் வாங்கியதும் உண்மைதான். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்டது ஒன்றே ஒன்று: இந்தச் சான்றுக்கு மனுப் போட்ட தேதி என்ன? பதிவு போட்டு எட்டு மாதம் கழித்து. நல்லெண்ணம் அங்கேயே போயிற்று. உண்மை என்ற வாதமாவது நிற்குமா என்றால், நிலம் வாங்கியது தெரிகிறதே தவிர யார் பணத்தில் என்பது அந்தச் சான்றில் இல்லை. டீக்கடையில் எல்லாம் சொன்ன கணக்கு எழுதுபவர் கூண்டில் ஏறி, ஞாபகமில்லை என்றார். மனிதர் கடைசியில் மன்னிப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார், அதற்குள் மூன்று வருடம்.

உங்கள் கையில் அன்று என்ன இருந்தது? நான்கு பக்கத்திலும் தேடிவிட்டேன், வீட்டு வாசலில் புதுக் கார் நின்றது என்பதைத் தவிர ஒன்றுமில்லை. கடனுக்கு வாங்கினாரா, மகன் வாங்கிக்கொடுத்தாரா என்று ஆர்.சி. புத்தகத்தைக்கூட நீங்கள் பார்க்கவில்லை.

25 லட்சத்துக்குப் பயப்படவேண்டாம். அந்தத் தொகைக்கு சிவில் வழக்குப் போட்டால் 3 சதவீதம், அதாவது 75 ஆயிரம், கோர்ட் கட்டணம் அவர்கள் கட்ட வேண்டும், அந்த வழக்கையும் நீங்கள் எழுதியதிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். அவதூறில் போலீஸ் நேராக வந்து பிடிக்கவும் முடியாது, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். உங்களுக்குத் தண்டனையே வாய்தாதான். சவுதியிலிருந்து எத்தனை தடவை இரணியல் கோர்ட்டுக்கு வருவீர்கள்? ஆஜரிலிருந்து விலக்குக் கேட்டு மனுப் போடலாம், தவறினால் பிடிவாரண்ட். அதைவிட மோசம், கோபத்தில் குரூப்பில் அவர்கள் விசுவாசத்தையே கேலி செய்து இன்னொரு வரி எழுதுவது. அது அதே சட்டத்தில் மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய பிரிவு 299-க்குப் போகும், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம், போலீஸே வழக்குப் பதியலாம். 1982 மண்டைக்காடு மதக் கலவரத்தை மறக்காத மாவட்டம் இது, மதம் என்றால் ஸ்டேஷனில் யோசிக்கமாட்டார்கள்.

அதனால் சமாதானமாகப் போங்கள். முதலில் குரூப்பில் நடந்த உரையாடல் முழுவதையும் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் அந்த வரியை நீக்குங்கள். கார் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் என்று மட்டும் வக்கீல் மூலம் பதில் கொடுங்கள், இரண்டரை லட்சத்துக்குக் கணக்கு கேட்பதை அதே பதிலில் விடாமல் வையுங்கள். கையில் கொடுத்த 50 ஆயிரத்தை மறந்துவிடலாம். கணக்கு வராவிட்டால், பணம் கொடுத்த இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு, கோர்ட் அனுமதி வாங்கி நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில், பொது டிரஸ்ட் மேல் வழக்குப் போட வழிசெய்யும் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 92-ன் கீழ் போகலாம், அது பிறகு.

நோட்டீஸ் டிரஸ்ட் பேரில் வந்ததா, இயக்குநர் பேரில் வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. டிரஸ்டோடு மட்டும் சமாதானம் பேசி முடித்தால், கார் என் கார் என்று இயக்குநர் தனியாக மூன்று வருடத்துக்குள் கிரிமினல் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் டிரஸ்ட், இயக்குநர் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடாமல் ஒரு வரிகூட எழுதிக்கொடுக்காதீர்கள்.