கேள்வி - பதில்: லேபலில் ஏறிய மோர்பீன்

அமெரிக்காவில் 1906 இலேயே பொய் லேபல் மருந்துகளுக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டதே. குழந்தைகளுக்கான அபின் பாணிகள் அத்தோடு நின்றுவிட்டனவா?
- வாசகி, கொக்குவில்

நிற்கவில்லை. 1907 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் அபினிலிருந்து எடுக்கும் மோர்பீனைத் தடை செய்யவே இல்லை. மதுசாரம், அபின், மோர்பீன், கொக்கேயின், குளோரோபோம் போன்றவை கலந்திருந்தால் அளவை லேபலில் எழுது என்றது, அவ்வளவுதான்.

பல் முளைக்கும் பிள்ளைக்கென்று விற்ற மிஸிஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்பில் அவுன்ஸுக்கு ஒரு கிறேன், அதாவது ஏறக்குறைய 65 மில்லிகிராம் மோர்பீன் இருந்தது. 5 மில்லிலீற்றர் தேக்கரண்டிக்குக் கணக்குப் பார்த்தால் 11 மில்லிகிராம். இன்று கடும் நோவுள்ள வளர்ந்தவருக்கே வாயால் கொடுக்கத் தொடங்கும் அளவு 5 முதல் 10 வரைதான். மோர்பீன் மூச்சை மந்தமாக்கும். அளவு கூடினால் தூங்கிய பிள்ளை எழும்பாது. கொப்ஸ் பேபிஸ் ஃபிரெண்ட் என்று செல்லப் பெயர் வைத்து விற்ற பாணியிலும் இதே சரக்குத்தான்.

நடவடிக்கை எடுத்த விதம் இது: பரிசோதகர் மாதிரிப் போத்தலை எடுப்பார். ஹார்வி வைலி தலைமையிலான அரசாங்க இரசாயனப் பணியகம் அதைப் பகுத்துப் பார்க்கும். லேபலில் உள்ளதற்கும் போத்தலில் உள்ளதற்கும் பொருந்தாவிட்டால் உற்பத்தியாளரை அழைத்து விளக்கம் கேட்பார்கள். அதன் பிறகே வழக்கு. ஒரு மாநிலத்தில் செய்து அங்கேயே விற்றால் மத்திய அரசு தொட முடியாது. எல்லை தாண்டி அனுப்பிய குற்றத்துக்கு முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 200 டொலர். பெரிய கம்பனிக்கு அது விளம்பரச் செலவில் ஒரு மூலைக்கும் காணாது.

பெரிய ஓட்டை 1911 இல் தெரிந்தது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று பொய் சொன்ன மருந்து தொடர்பான ஜோன்சன் வழக்கில், சட்டம் தடுப்பது மருந்தில் என்ன இருக்கிறது என்ற பொய்யைத்தான், குணமாக்கும் என்ற பொய்யை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1912 இல் ஷேர்லி திருத்தம் வந்து அதையும் சேர்த்தது. ஆனால் ஏமாற்றும் நோக்கம் இருந்ததென்று அரசு நிரூபிக்க வேண்டும். "நான் உண்மையாகவே நம்பித்தான் எழுதினேன்" என்று நிற்பவரை என்ன செய்வது? 1938 இல் புதிய சட்டம் வந்த பிறகே அந்தத் தொல்லை ஒழிந்தது.

சட்டப்படி உத்தரவாதம் என்று அந்தப் பழைய போத்தல்களில் அச்சிட்டிருப்பது அரசாங்கச் சான்றா?
- வாசகர், சுன்னாகம்

இல்லை. அந்த உத்தரவாதம் உற்பத்தியாளர் தானே எழுதிக் கொடுத்தது. அரசாங்கம் அதற்கு ஒரு தொடர் இலக்கம் மட்டுமே வழங்கியது. சனம் அதை அரசாங்கம் சோதித்துப் பார்த்ததென்று எடுத்துக்கொண்டது. பொய் லேபலைத் தடுக்க வந்த சட்டமே இன்னொரு பொய் லேபலுக்கு இடம் கொடுத்தது என்பதுதான் எங்கள் கருத்து.

இங்கே பாமசியில் பிள்ளைக்குப் பாணி வாங்கும்போது எதைப் பார்ப்பது?
- வாசகி, சாவகச்சேரி

தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவு, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, கலந்திருக்கும் மருந்தின் பெயரும் 5 மில்லிலீற்றருக்கான அளவும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்க வேண்டாம். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு கொள்ளளவு. ஊசியில்லாத சிறிஞ்சால் அளந்து கொடுங்கள்.

சந்தேகம் வந்தால் போத்தலைக் கழுவாதீர்கள், மிச்சத்தை ஊற்றாதீர்கள். பெட்டியோடும் பற்றுச்சீட்டோடும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில் உள்ள உணவு, மருந்துப் பரிசோதகரிடம் கொடுங்கள். தொகுதி இலக்கம் தெரியாவிட்டால் எந்தச் சரக்கை மீளப் பெறுவதென்று அவருக்கும் தெரியாது.

பாணி குடித்த பிள்ளை பாலுக்கும் எழும்பாமல், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, மூச்சு மெதுவாகிவிட்டால் முறைப்பாடு பிறகு பார்க்கலாம். உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்.