பார்வையில்லாமல் குறி பார்ப்பது எப்படி? வில்வித்தை கேள்வி-பதில்

என் மகளுக்கு 14 வயது. பார்வை அறவே கிடையாது. வில்வித்தை பழக ஆசைப்படுகிறாள். தசரதன் ஓசை கேட்டு எய்த மாதிரி, ஒலி வைத்துத்தான் கற்றுத்தருவார்களா?
*ஒரு தாய், மதுரை*

தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் இதில் ஒலி வேண்டாம், எல்லாமே தொடுகைதான். அவள் முன்னால் ஒரு முக்காலி நிறுத்துவோம். அதிலிருந்து நீளும் சின்னக் குமிழ், வில் பிடித்த கையின் புறங்கையில் படும். அதுதான் அவளுக்குக் குறி. தரையில் பொருத்திய கட்டை, பாதம் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிவிடும். பின்னால் ஒரு துணையாள் இருப்பார். அம்பு போய்த் தைத்ததும் "எட்டாவது வளையம், மூணு மணிப் பக்கம்" என்பார். அதாவது வலப்பக்கம். குமிழை நூலளவு இடப்பக்கம் தள்ளினால் அடுத்தது நடுவை நெருங்கும்.

ஒரு வேண்டுகோள். முதல் நாளே தூரத்தில் இலக்கு வைக்க விடாதீர்கள். ஐந்து மீட்டர் போதும். எய்து முடித்த பிறகு அவளே போய், தைத்த அம்பைத் தடவிப் பார்க்கட்டும். அந்த நேரத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் நேராக நடத்திக் கூட்டிப்போகக் கூடாது, அம்பின் வால் முகத்தில் குத்திவிடும். பக்கவாட்டில் போய், இலக்குப் பலகையின் ஓரத்தில் கை வைத்து உள்ளே நகர்த்த வேண்டும்.

பார்வையற்றோர் பிரிவு பாராலிம்பிக்ஸில் உண்டா?

இல்லை. எனக்கு இதில் தீராத வருத்தம். உலகப் பாரா வில்வித்தைப் போட்டிகளில் உண்டு. தூரம் 30 மீட்டர். முழுப் பார்வையின்மைப் பிரிவில் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் எய்வார்கள்.

விபத்தில் இடது கை போய்விட்டது. இனி வில் பிடிக்க முடியுமா?

முடியும். வலது கையால் வில்லைப் பிடியுங்கள். நாணில் கட்டிய பட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு, கையை முன்னே நீட்டினால் நாண் இழுபடும். இழுவிசை குறைந்த வில்லில் தொடங்குங்கள். அதற்கு முன் பல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஜம்முவின் கிஷ்த்வாரைச் சேர்ந்த ஷீத்தல் தேவிக்குப் பிறவியிலேயே இரு கைகளும் இல்லை. காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணை இழுக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து கலப்பு அணியில் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 17. அதே பாரிஸில், கைகள் இல்லாமல் பிறந்த அமெரிக்கர் மேட் ஸ்டட்ஸ்மேன் தங்கம் வென்றார்.

எங்கள் கிளப்பில் வீல்சேரில் வருபவர்களுக்குத் தனி மைதானம் அமைக்கலாமா?

தயவுசெய்து தனியாக ஒதுக்காதீர்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் நியூசிலாந்தின் நெரோலி ஃபேர்ஹால் வீல்சேரில் அமர்ந்தபடியே மற்றவர்களோடு எய்தார். இலக்கு வரை சக்கரம் புதையாத பாதை, கோட்டில் கொஞ்சம் கூடுதல் இடம், உள்ளே நுழைய வசதியான கழிப்பறை. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். அப்புறம் வில்லின் கீழ்நுனி சக்கரத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம், குட்டை வில் கொடுக்கலாம். எது வசதி என்று உட்கார்ந்திருப்பவரிடமே கேளுங்கள், கூட வந்தவரிடம் அல்ல.