கோவைக்கு இன்னொரு கால்பந்து கிளப்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கோவைக்காரன். 2019 மார்ச்சில் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்சி, தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கின் பட்டத்தை வென்றபோது கேலரியில் நின்று கத்தியவர்களில் நானும் ஒருவன். இப்போது அந்த அணி களத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடும் எங்கள் கூட்டத்துக்குள், கோவை பெயரிலேயே ஒரு தொழில்முறை கிளப் தொடங்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. எங்களுக்குத் தெரிந்த தொழிலதிபர் ஒருவர் பணம் போடத் தயார். நேரடியாக ஐ-லீக்கில் இடம் வாங்கி, நாலைந்து ஸ்பெயின் ஆட்டக்காரர்களை இறக்கினால் இரண்டு வருடத்தில் கோப்பை என்கிறார். பெங்களூரு எஃப்சி முதல் வருடமே ஜெயிக்கவில்லையா என்றும் கேட்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே., கோயம்புத்தூர்

அன்புள்ள கே.,

கோப்பை வரைக்கும் உங்கள் தொழிலதிபரின் கணக்கு சரிதான். நம் நாட்டில் அது நடந்தே இருக்கிறது. கோப்பைக்கு அடுத்த வருடத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

அவர் சொல்லும் பெங்களூரு உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2013இல் ஐ-லீக்கில் நேரடி நுழைவு ஜேஎஸ்டபிள்யூ நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஜூலையில் கிளப்பை அறிவித்தார்கள், செப்டம்பரில் முதல் ஆட்டம். எதிரே 1889இல் பிறந்த மோகன் பகான். 1-1 என்று டிரா. அடுத்த ஏப்ரலில் கோவாவுக்குப் போய் டெம்போ கிளப்பை 4-2 என்று வென்று சாம்பியன் ஆகிவிட்டார்கள். பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட், அணித்தலைவர் சுனில் சேத்ரி. வெளியிலிருந்து பார்த்தால் பணம் போட்டார்கள், கோப்பை வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பணம் கோப்பையோடு நிற்கவில்லை. ஆட்டக்காரர்களின் சாப்பாடு, உடற்பயிற்சி, பயண ஏற்பாடு என்று எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். பிற்பாடு பெல்லாரி பக்கம் விஜயநகரில் பையன்கள் தங்கிப் பயிலும் அகாடமி வந்தது. ரசிகர்களை உட்கார வைத்து வேடிக்கை காட்டாமல் அவர்களுக்கென்று ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' கூட்டம் அப்படி வளர்ந்ததுதான். அந்த ஊருக்குப் பழைய கால்பந்துப் பித்தும் உண்டு. அல்சூர் பக்கத்து கௌதமபுரத்தில், நம் தமிழ் ஜனங்கள் நிறைந்த பேட்டையில், பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். 2016இல் ஆசியக் கிளப்புகள் மோதும் ஏஎஃப்சி கோப்பையின் அரையிறுதியில், நடப்பு சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் அணியை பெங்களூரில் 3-1 என்று தோற்கடித்து, அந்தக் கோப்பையின் இறுதிக்குப் போன முதல் இந்திய அணி ஆனார்கள். தோஹாவில் நடந்த இறுதியில் ஈராக்கின் ஏர் ஃபோர்ஸ் கிளப்பிடம் 0-1 என்று தோற்றது வேறு விஷயம்.

அதே மாதிரி நேரடி நுழைவில், பெங்களூருவுக்கு அடுத்த வருடம் புனேயில் தொடங்கிய பாரத் எஃப்சியின் பெயரை உங்கள் நண்பர் கேள்விப்பட்டிருக்கிறாரா? பின்னணியில் கல்யாணி குழுமம். பணத்துக்குக் குறைவில்லை. 2014-15இல் கடைசி இடம். நேரடி நுழைவு என்பதால் கீழ் டிவிஷனுக்கு இறக்க மாட்டார்கள் என்ற சலுகைகூட இருந்தது. ஒரே சீசனோடு கடையைக் கட்டிவிட்டார்கள். அதற்கு முன்பு நிறுவனங்கள் நடத்திய அணிகளும் இப்படித்தான். 1996-97இல் முதல் தேசிய லீக்கை வென்ற ஜேசிடி 2011இல் மூடப்பட்டது. 2005-06 சாம்பியன் மஹிந்திரா யுனைடெட் 2010இல் போனது. தோற்றதற்காக மட்டும் மூடிய அணிகள் இல்லை இவை. தலைமை அலுவலகத்தில் யாரோ மனசை மாற்றிக்கொண்டால் போதும், கிளப் காலி. கால்பந்து அந்த நிறுவனங்களின் பிழைப்பு அல்ல, விளம்பரச் செலவில் ஒரு வரி.

இனி நீங்கள் கேலரியில் நின்ற அந்த நாளுக்கு வருகிறேன். சென்னை சிட்டியின் வேர் 1946இல் தொடங்கிய ஓர் உள்ளூர் கிளப். 2016-17இல் ஐ-லீக்குக்குள் வந்து, அடுத்த சீசன் கோவைக்குக் குடிபெயர்ந்தது. முதல் இரண்டு சீசனும் அட்டவணையின் கீழ்ப்பாதிதான். அப்புறம் சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்ஸி, நெஸ்டர், சாண்ட்ரோ எல்லாம் சேர்ந்து 2019 மார்ச் 9இல் கோப்பை. மினர்வா பஞ்சாப் அணியிடம் முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு 3-1. ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்னால். சரியாக எட்டு நாள் கழித்து, மும்பையில் எஃப்சி கோவாவை வென்று இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையைத் தூக்கியது, அதற்குள் அந்த லீக்குக்கு மாறியிருந்த பெங்களூரு. நாட்டின் இரண்டு பெரிய லீக்குகளும் ஒரே மாதத்தில் தென்னிந்தியப் புது அணிகளிடம்!

அதே ஆண்டு நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பாஸல் கிளப் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2020 தொடக்கத்தில் மான்ஸி ஜப்பானுக்குப் போனார். இன்னொரு ஆட்டக்காரர் எட்வின் சிட்னி வன்ஸ்பால் அதற்கு முன்பே 'சென்னையின் எஃப்சி' என்ற ஐஎஸ்எல் அணிக்குப் போயிருந்தார். கொரோனா வந்தது. 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. பட்டம் வென்று மூன்று வருடம்கூட ஆகவில்லை.

ஸ்பெயின்காரர்கள் கோப்பை வாங்கித் தந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த அணியில் பிடித்தது வேறு. கன்னியாகுமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் மாதிரி பையன்களுக்கு, தமிழ்நாட்டை விட்டுப் போகாமலே தேசிய லீக்கில் ஆட ஓர் இடம் இருந்தது. அந்தக் கரையில் தடுக்கி விழுந்தால் ஒரு பந்தாட்டக்காரன் மேல்தான் விழ வேண்டும். கிளப் போனபோது கோப்பையைவிடப் பெரிய இழப்பு இந்த இடம்தான்.

ஆகவே நேரடி நுழைவு வேண்டாம் என்பேன். 2023இல் அப்படி வந்த இன்டர் காசி, பெயரில் வாராணசியை வைத்துக்கொண்டு, சொந்த ஊர் ஆட்டங்களை மேற்கு வங்காளத்தின் கல்யாணியில் ஆடியது. 2024-25 பட்டமும் வாங்கியது, அதுவும் சுவிட்சர்லாந்தின் விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போய். வென்றதைக் கொண்டாட ஊர்க்காரர்கள் ரயிலில் ஓர் இரவு போக வேண்டிய கிளப், என்னைப் பொறுத்தவரை இன்னும் பாதிதான் தொடங்கியிருக்கிறது.

கீழேயிருந்து ஏறும் வழி முன்பு அடைபட்டிருந்தது. 2023இல் ஐஎஸ்எல் வரைக்கும் திறந்தது. மாநில லீக், அங்கிருந்து ஐ-லீக் 3, ஐ-லீக் 2, ஐ-லீக் என்று படிகள் வைத்தார்கள். பஞ்சாப் எஃப்சி 2023இலும் முகமதன் 2024இலும் ஐ-லீக்கை வென்று ஐஎஸ்எல்லுக்கு ஏறியிருக்கிறார்கள். உங்களுக்கு இது மெதுவான வழி. அந்த மெதுவில் ஒரு லாபம் இருக்கிறது. மேல் லீக்குகளில் ஆட கிளப் லைசென்ஸ் கேட்டுப் போனால் ஜூனியர் அணி, மைதானம், தகுதியுள்ள பயிற்சியாளர்கள், கணக்கு வழக்கு எல்லாவற்றையும் துருவுவார்கள். நாலைந்து வருடம் கீழே ஆடிய கிளப்பிடம் இவற்றில் பாதியாவது கையில் இருக்கும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே கோடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

பெங்களூருவையும் நான் கோயிலாக வைத்துக் கும்பிடவில்லை. 2025 ஆகஸ்டில், ஐஎஸ்எல் நடக்குமா நடக்காதா என்ற குழப்பத்தில், அவர்களே முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்தார்கள். சென்னையின் எஃப்சியும் வேலைகளை நிறுத்தியது. அவ்வளவு கட்டிய கிளப்புக்கே அந்தக் கதி.

உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயம் ஒன்று: பெண்கள் அணி. 2016இல் மதுரைப் பக்கம் தொடங்கிய சேது எஃப்சி, நீங்கள் கேலரியில் கத்திய அதே 2019இன் மே மாதத்தில், லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் சாம்பியன் ஆனது. பின்னால் இருந்தது காரியாபட்டியில் ஒரு பொறியியல் கல்லூரி. சென்னை சிட்டி மறைந்த பிறகும் அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். உங்கள் தொழிலதிபர் ஐந்து வருடத்துக்கான பணத்தை எழுத்தில் தர ஒப்புக்கொண்டால், முதல் வருடம் ஒரு பெண்கள் அணி, 13, 15 வயதுக்கு உட்பட்ட இரண்டு பையன்கள் அணி, மாவட்ட லீக் என்று தொடங்குங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் தருகிற பணத்தில் ஒரு மைதானத்தை நீண்ட குத்தகைக்கு எடுத்துப் புல் போடுங்கள். ஸ்பெயின்காரர்களைப் பற்றி அப்புறம் பேசலாம்.