ஐந்து ஏக்கரும் ஐரோப்பியச் சட்டமும்

கேள்வி: ஐரோப்பாவில் எழுதும் காடழிப்புத் தடுப்புச் சட்டத்துக்கு, ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் நான் ஏன் கட்டுப்பட வேண்டும்? நம் கொள்கையை நம் நாடாளுமன்றம்தானே வகுக்க வேண்டும்?
- வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 1922இல் ரப்பர் விலையைத் தூக்கி நிறுத்த லண்டனில் திட்டம் போட்டபோது, பால்வெட்டிய நம் முன்னோரை எவரும் கேட்கவில்லை. 1930களின் மந்தத்தில் விலை சரிந்ததும் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள்.

வெளியிலிருந்து வருவதெல்லாம் கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். கட்டாய உழைப்புப் புகாரின் பேரில், 2020இல் இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. வேலைக்கு வருவதற்காக வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஏஜெண்டுகளிடம் கட்டிய பணம் அதன்பிறகுதான் அவர்கள் கைக்குத் திரும்பியது. அதைச் செய்ய நம் நாடாளுமன்றத்தால் முடியாதா? முடியும். செய்யவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

உங்கள் நிலத்துக்கு வருகிறேன். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தின் விளைச்சலை 2023ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டம் ஏற்காது. உங்களுடையது பழைய தோட்டம் என்றால் பயமில்லை. அதை நிரூபிப்பதில்தான் சிக்கல். நான்கு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலத்துக்கு வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி போதும். உங்களுடையது இரண்டு ஹெக்டேர்தான். ஆனால் குலைகளை இறக்குகிறீர்களே, அந்த வியாபாரியின் மேடையைப் பாருங்கள். இருபது பேரின் குலைகள் ஒரே குவியலாகி, ஒரே லாரியில் ஆலைக்குப் போகின்றன. அதில் ஒருவர் காட்டை அழித்து நட்டிருந்தாலும் போதும், ஐரோப்பியச் சந்தைக்கு அந்தக் குவியலே ஆகாது. சட்டம் எழுதியவர்கள் அந்த மேடையில் அரைமணி நேரமாவது நின்றிருக்க வேண்டும்.

அந்தச் சட்டம் அமலாவது இருமுறை தள்ளிப்போயிருக்கிறது. மலேசியாவும் இந்தோனேசியாவும் பேசின. ஐரோப்பிய நிறுவனங்களே முறையிட்டன. பேசியவர்களில் ஐந்து ஏக்கர்காரர் எத்தனை பேர்?

அடுத்த முறை நிலப் பத்திரத்தையும் செம்பனை வாரிய உரிமத்தையும் எடுத்துக்கொண்டு மேடைக்குப் போங்கள். என் குலை எந்த ஆலைக்குப் போகிறது, என் நிலத்தின் புள்ளி யாரிடம் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். நகலை எனக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.