ரிவ்யூடு-பை வரியை நாமே சேர்த்துக்கொள்ளலாமா?

கேள்வி: லினக்ஸ் கெர்னல் டிரைவர் ஒன்றில் இருந்த பிழையைத் திருத்தி முதல்முறையாக பேட்ச் (கோட் மாற்றம் அடங்கிய மின்னஞ்சல்) அனுப்பினேன். ஒருவர் "நன்றாக இருக்கிறது" என்று பதில் எழுதினார். இன்னொருவர் தன் போர்டில் ஓட்டிப் பார்த்தேன் என்றார். இரண்டாம் பதிப்பின் கடைசி வரிகளில் ரிவ்யூடு-பை (பரிசீலித்தவர்), டெஸ்டட்-பை (சோதித்தவர்) என்று இவர்கள் பெயரை நானே சேர்க்கலாமா? கோடில் பாதியை எழுதிய சக ஊழியர் பெயரை எங்கே போடுவது?

பதில்: இரண்டையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். அவர்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போட்டு, "ரிவ்யூடு-பை தருகிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ரிவ்யூடு-பை ஒரு பாராட்டு அல்ல. கெர்னல் ஆவணத்தில் அதற்கென்று ஓர் உறுதிமொழியே இருக்கிறது: தொழில்நுட்ப ரீதியாகப் பரிசீலித்தேன், கண்ட குறைகளை எழுதியவரிடம் சொன்னேன், அவர் பதிலில் திருப்தி, இதைச் சேர்ப்பது கெர்னலுக்கு நல்லது, எனக்குத் தெரிந்து பெரிய சிக்கல் இல்லை என்று. "நன்றாக இருக்கிறது" என்றவர் இத்தனையும் பார்த்தாரா என்பது அவருக்குத்தான் தெரியும். அந்தப் பகுதியின் பராமரிப்பாளரே அப்படிச் சொல்லியிருந்தாலும், அது ஆக்டு-பை (எனக்குச் சம்மதம் என்ற குறிப்பு) அளவுக்குத்தான் வரும். பேட்சைச் சேர்த்துக்கொள்பவர் சில சமயம் அந்தப் பதிலை ஆக்டு-பை ஆக மாற்றிப் போடுவதுண்டு. அந்த முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள்.

கேட்காமல் சேர்க்கக்கூடியவை சிசி (நகல் பெறுபவர்), ரிப்போர்ட்டட்-பை (பிழையைச் சொன்னவர்), சஜஸ்டட்-பை (யோசனை தந்தவர்) மூன்றுதான். அவற்றிலும், பிழையைத் தனிப்பட்ட முறையில் சொன்னவரின் பெயரை வெளியே போடுமுன் கேட்டாக வேண்டும்.

வரிகள் கிடைத்தபின் இரண்டாம் பதிப்பில் கோட் கணிசமாக மாறிவிட்டதா? அப்படியானால் ரிவ்யூடு-பை, டெஸ்டட்-பை இரண்டையும் எடுத்துவிட்டு, ஏன் எடுத்தீர்கள் என்பதை மூன்று சிறுகோடுகளுக்குக் (---) கீழே வரும் மாற்றக் குறிப்பில் எழுதுங்கள். அவர்கள் பார்த்தது பழைய கோடை. எழுத்துப்பிழை மட்டும் திருத்தியிருந்தால் வரிகள் அப்படியே இருக்கட்டும்.

சக ஊழியர் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பேட்ச் உங்கள் பெயரில் போகிறது என்றால் கடைசி வரிகள் இப்படி அமைய வேண்டும்:

கோ-டெவலப்டு-பை: சக ஊழியர்
சைன்டு-ஆஃப்-பை: சக ஊழியர்
சைன்டு-ஆஃப்-பை: நீங்கள்

கோ-டெவலப்டு-பை வரிக்கு அடுத்து அதே ஆளின் சைன்டு-ஆஃப்-பை உடனே வர வேண்டும், நடுவில் வேறெதுவும் கூடாது. அனுப்புகிறவரின் சைன்டு-ஆஃப்-பை எப்போதும் கடைசி. கோ-டெவலப்டு-பை வரிக்கு அடுத்து அந்த ஆளின் சைன்டு-ஆஃப்-பை இல்லாவிட்டால், பேட்சைச் சோதிக்கும் ஸ்கிரிப்டான செக்பேட்ச் எச்சரிக்கும். சக ஊழியரின் வரியையும் அவர் சம்மதித்த பிறகுதான் போட வேண்டும். சைன்டு-ஆஃப்-பை வந்த கதையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். 2003-ல் எஸ்சிஓ என்ற மென்பொருள் நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்து, லினக்ஸில் தன் கோட் கலந்திருக்கிறது என்று சொன்னது. யார் எழுதியது, எந்த உரிமையில் வந்தது என்று தடம் பிடிக்க ஒரு வழி தேவைப்பட்டது. 2004-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சைன்டு-ஆஃப்-பை முறையைக் கொண்டுவந்தார். அந்த வரி, "இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது" என்ற சான்று. வேலை நேரத்தில் எழுதிய கோட் என்றால் பதிப்புரிமை (காப்பிரைட்) நிறுவனத்துடையதாக இருக்கக்கூடும். இருவரும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பிழைத்திருத்தம் என்பதால் ஃபிக்ஸஸ் வரி அவசியம். பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் (பதிவான மாற்றத்தின்) ஹாஷில், அதாவது அதன் அடையாளக் குறியீட்டில், குறைந்தது முதல் 12 எழுத்துகள், பிறகு அடைப்புக்குறிக்குள் மேற்கோளோடு அதன் தலைப்பு. வரி எவ்வளவு நீண்டாலும் மடக்காதீர்கள், மடக்கினால் ஸ்கிரிப்டுகளால் படிக்க முடியாது. ஃபிக்ஸஸ் போட்டாலே ஸ்டேபிள் கிளைகளுக்கு (ஏற்கனவே வெளியான பதிப்புகளுக்குத் திருத்தங்கள் சேரும் கிளைகள்) போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பழைய வெளியீடுகளுக்கும் போக வேண்டுமென்றால் ஸ்டேபிள் குழுவின் முகவரியோடு சிசி வரியைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.